விண்டேஜ் காரும் இன்றைய சின்ன காரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 1960-களில் செய்த மினி கார் ஒன்று இருக்கிறது. அன்றாட வேலைக்கு ஐந்து வயதான ஒரு சின்ன ஹேட்ச்பேக்கும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். நண்பர் ஒருவரின் ஆஸ்டின் செவன் என்ற மிகப் பழைய சின்ன காரைப் பிரித்துக் கோத்தபோது ஒரு வருடம் கூடவே இருந்தேன். வண்டியை எங்கே நிறுத்தினாலும் யாராவது வந்து கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விண்டேஜ் கார் என்றால் எது?

கறாராகச் சொன்னால், முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1919 முதல் 1930 வரை செய்த கார்களே விண்டேஜ். 1934-ல் பிரிட்டனில் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப் 1930-ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அதன்படி என் மினி விண்டேஜ் ஆகாது, கிளாசிக் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பேச்சு வழக்கில் நம் தாத்தா காலத்து வண்டி எல்லாமே விண்டேஜ்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கீழே 'பழைய கார்' என்று வரும் இடங்களில் 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி முதல் 1959-ல் வந்த மினி வரை எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

சின்ன கார் என்பது புதிதாக வந்த யோசனையா?

இல்லை. நூறு வருடப் பழைய யோசனை. 1922-ல் ஹெர்பர்ட் ஆஸ்டின் கொண்டுவந்த ஆஸ்டின் செவனின் எடை சுமார் 360 கிலோ. நான்கு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைத்துவிடலாம், நாங்கள் வைத்திருக்கிறோம். பைக்கோடு பக்கத்தில் பெட்டி மாட்டிக்கொண்டு குடும்பத்தை ஏற்றிப் போனவர்களுக்குக் கூரை உள்ள வண்டி தர வேண்டும் என்பதற்காகச் செய்தது அது. 1948-ல் 375 சிசி, 9 குதிரைத்திறனோடு சிட்ரோயன் 2சிவி வந்தது. 1957-ல் 479 சிசி, 13 குதிரைத்திறனோடு ஃபியட் 500 வந்தது. 13 குதிரைத்திறன் என்பது இன்றைய ஒரு நடுத்தர பைக் தருவது.

மினியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்று தெருவில் ஓடும் சின்ன கார்களுக்கு உண்மையான மூதாதை அதுதான். 1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. குறைவாகக் குடிக்கும், ஆனால் பொம்மை போல இல்லாத, உண்மையான நான்கு சீட் கார் வேண்டும் என்ற பொறுப்பு அலெக் இஸ்ஸிகோனிஸ் கையில் வந்தது. மொத்த நீளம் பத்து அடி, அதாவது சுமார் 3.05 மீட்டர். அதில் எட்டு அடி ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் என்று அவர் ஒதுக்கிவிட்டார். மீதி இரண்டடியில் இஞ்சினை வழக்கம்போல நீளவாக்கில் வைக்க முடியாது. அதனால் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்குள்ளேயே வைத்து, முன் சக்கரங்களை ஓட்ட வைத்தார். சக்கரம் வெறும் 10 அங்குலம். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர் கூம்புகள்.

இன்று நீங்கள் வாங்கும் சின்ன காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். இஞ்சின் குறுக்காகத்தான் இருக்கும், முன் சக்கரம்தான் இழுக்கும். ஒரே மாற்றம், கியர்பாக்ஸ் இப்போது இஞ்சினின் அடியில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. அந்த அமைப்பை 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலாவில் கொண்டுவந்தவர் டான்டே ஜியகோசா. ஃபியட் 500-ஐ வடிவமைத்தவரும் அவரே. ஆக, புது வண்டியையும் பழைய வண்டியையும் எதிரிகளாக வைத்துப் பேசும்போது எனக்கு ஒப்புவதில்லை. ஒரே குடும்பத்து ஆட்கள் அவர்கள்.

இன்றைய 'சின்ன' கார் ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது?

ஒரே பெயருள்ள இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் நிறுத்தினால் போதும். 1957 ஃபியட் 500-ன் நீளம் 2.97 மீட்டர், எடை சுமார் 500 கிலோ. 2007-ல் அதே பெயரில் திரும்பி வந்த காரின் நீளம் 3.55 மீட்டர், எடை 850 கிலோவுக்கு மேல்.

கூடிய எடையெல்லாம் வீண் இல்லை. மோதினால் நசுங்க வேண்டிய முன்பகுதி, நசுங்கவே கூடாத உட்கூடு, கதவுக்குள் இரும்புச் சட்டம், ஏர்பேக்குகள், ஏசி, சத்தம் வராமலிருக்க ஒட்டிய அட்டைகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த எடை. பழைய மினியின் கதவு ஒற்றைத் தகடு. ஜன்னல் கண்ணாடியைப் பக்கவாட்டில் தள்ளித் திறக்க வேண்டும். கண்ணாடி கீழே இறங்காததால் கதவுக்குள் பெரிய பை போன்ற இடம் கிடைத்தது.

பழைய கார் ஜெயிக்கும் ஓர் இடமும் இதில் உண்டு. கூரையைத் தாங்கும் தூண்கள் மெல்லியவை என்பதால் நான்கு பக்கமும் நன்றாகத் தெரியும். புது வண்டியில் வளைவில் திரும்பும்போது முன் தூணுக்குப் பின்னால் ஒரு ஆளே மறைந்து நிற்கலாம். பின்னால் எடுக்கக் கேமரா தேவைப்படுவதற்கும் தடித்த தூண்களும் உயர்ந்த டிக்கியுமே காரணம்.

வேகத்தில் எவ்வளவு வித்தியாசம்?

1959 மினிக்கு 848 சிசி, 34 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கி.மீ. வேகத்தைத் தொட ஏறக்குறைய 27 வினாடி ஆகும். இன்றைய ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் கார் 65, 70 குதிரைத்திறன் தந்து அதில் பாதி நேரத்தில் அந்த வேகத்துக்குப் போய்விடும். ஆஸ்டின் செவனில் 60 கி.மீ. வேகமே நல்ல வேகம். ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து, கியர் அலறும் சத்தத்தோடு போகும் அந்த 60, புது காரின் 110-ஐ விட வேகமாகத் தெரியும்.

மைலேஜ்?

இதில்தான் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். பழைய மினி லிட்டருக்கு 14, 15 கி.மீ. தரும். புது சின்ன கார் 18 முதல் 20 வரை. அறுபது வருட முன்னேற்றத்துக்கு இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். எடையைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்றரை மடங்கு எடையை, இரண்டு மடங்கு பலத்தோடு, ஏசியும் போட்டுக்கொண்டு இழுத்து, அதற்கு மேலும் நாலைந்து கிலோமீட்டர் கூடுதலாகத் தருகிறது. கார்புரேட்டர் தோராயமாகக் கலந்து கொடுத்த பெட்ரோலை, இப்போது கணினி ஒவ்வொரு சுழற்சிக்கும் அளந்து தெளிக்கிறது.

அதே சமயம் எல்லாப் பழைய காரும் சிக்கனம் என்று நினைத்துவிட வேண்டாம். மாடல் டி-க்கு 2.9 லிட்டர் இஞ்சின், கிடைத்ததோ 20 குதிரைத்திறன்.

புகை விஷயத்தில்?

இங்கே போட்டியே கிடையாது. பழைய காரில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லை, ஆக்சிஜன் சென்சார் இல்லை. கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் அப்படியே வெளியே வரும். மினியில் ஒரு சுற்று போய் வந்தால் சட்டையில் பெட்ரோல் வாசம் இருக்கும். நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட டேங்கிலிருந்து ஆவி கசியும். புது வண்டியில் அந்த ஆவியைக் கரித்தூள் நிரப்பிய டப்பா பிடித்து வைத்து, பிறகு இஞ்சினுக்கே அனுப்பிவிடுகிறது.

பழைய காரை வைத்திருப்பதே பூமிக்கு நல்லது, புதிதாக ஒன்று செய்ய வேண்டியதில்லையே என்ற வாதம் உண்டு. மாதம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது பொருந்தும். தினமும் நெரிசலில் ஓட்டுகிறவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் பின்னால் நிற்கிறவர்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்.

பழைய காரை ஓட்டத் தனியாகக் கற்க வேண்டுமா?

வேண்டும். எவ்வளவு கற்க வேண்டும் என்பது வண்டியின் வயதைப் பொறுத்தது.

மாடல் டி-யில் உட்கார்ந்தால் உங்களுக்குத் தெரிந்த எதுவும் உதவாது. மூன்று பெடல் இருக்கும், ஆனால் இடது பெடல் கியர், நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்சிலேட்டர் ஸ்டியரிங்கின் கீழே கையால் இழுக்கும் நெம்புகோல். இன்னொரு பக்கம் உள்ள நெம்புகோலால் ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்பதையும் ஓட்டுகிறவரே திருத்திக்கொண்டு வர வேண்டும். பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து தானாக இறங்கும். அதனால் டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் முன்பக்கமாக ஏறினால் இஞ்சினுக்குப் பெட்ரோல் வராது. மக்கள் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினார்கள்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் வண்டியாக இருந்தால் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி வளைக்கக் கூடாது. மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கமே அதுவும் இருக்க வேண்டும். இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் ஹேண்டில் திரும்பி அடிக்கும், விரல் உடையும், மணிக்கட்டும் உடையும். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் 1912-ல் கேடிலாக்கில் வந்த பிறகுதான் இந்த ஆபத்து மெல்ல மெல்ல ஒழிந்தது.

அப்புறம் கியர். கியர் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் இல்லாத பெட்டியில் கீழ் கியருக்கு வர, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடியும் கிளட்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். என் மினியிலும் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் இல்லை. முதல் மாதம் முழுக்கக் கரகரவென்று சத்தம் கேட்டது. பிறகு ஒருநாள் கியர் சத்தமே இல்லாமல் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. அந்த மகிழ்ச்சியை எந்தத் தானியங்கி கியரும் எனக்குத் தந்ததில்லை.

பிரேக்கைத்தான் கடைசியில் பழக வேண்டும், அதுதான் முக்கியமும்கூட. ஆரம்ப கால ஆஸ்டின் செவனில் கால் பிரேக் பின் சக்கரங்களுக்கு, கை பிரேக் முன் சக்கரங்களுக்கு என்று பிரிந்திருந்தது. எல்லாம் கம்பியும் கேபிளும். டிரம் பிரேக் இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். எனவே முன்னால் போகும் வண்டியிலிருந்து மூன்று மடங்கு இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் யாராவது புகுந்தால் கோபப்படாமல் மறுபடியும் விடுங்கள்.

"பழைய கார் கெட்டி இரும்பு, அதனால் பாதுகாப்பு" என்கிறார்களே?

தவறு. தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2009-ல் தன் ஐம்பதாவது ஆண்டையொட்டி ஒரு சோதனை நடத்தியது. 1959 செவ்ரோலே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவ்ரோலே மாலிபு ஒன்றையும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர், முன்பக்கத்தின் ஒரு பாதி மட்டும் இடிக்கும்படி மோதவிட்டார்கள். பெல் ஏர் கப்பல் போன்ற நீண்ட வண்டி. மோதியதும் அதன் உட்கூடு மடங்கியது, ஸ்டியரிங் ஓட்டுநர் பொம்மையை நோக்கி வந்தது. ஆளாக இருந்தால் இறந்திருப்பார். மாலிபுவின் உட்கூடு அப்படியே நின்றது. அதன் பொம்மைக்குக் காலில் காயம் ஏற்படும் அளவுக்கான அடிதான்.

இரும்பின் கெட்டித்தனம் காப்பாற்றாது. மோதும் விசையை வண்டி தின்ன வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர் தின்ன வேண்டியிருக்கும். முன்னும் பின்னும் நசுங்கி நடுப்பகுதி மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற கருத்துக்கு மெர்சிடிஸில் பணியாற்றிய பேலா பாரெனி 1950-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். வால்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை சீட் பெல்ட் 1959-ல் வந்தது. அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் 1978-ல். இன்று மிகச் சாதாரணமான சின்ன காரில்கூட இந்த மூன்றும் இருக்கின்றன. அந்தச் சின்ன வண்டி, நீளத்தில் அதைவிட ஒன்றரை மடங்கான பழைய வண்டியைவிட உங்களைப் பத்திரமாக வைத்திருக்கும்.

என் மினியில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது. முன்பக்கம் என் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் நடுவே அதிக இடமில்லை. அதை அறிந்தே ஓட்டுகிறேன். விரைவுச் சாலையில் ஏறுவதில்லை, இரவில் எடுப்பதில்லை, குழந்தைகளை அதில் ஏற்றுவதே இல்லை. அவர்கள் எத்தனை முறை கெஞ்சினாலும் இதில் நான் இளகுவதில்லை.

எதைப் பழுது பார்ப்பது சுலபம்?

பழைய காரைப் புரிந்துகொள்வது சுலபம். புது கார் பழுதாவதே அரிது.

பழைய இஞ்சின் நின்றால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா. ஒருமுறை கொட்டும் மழையில் மினி இருமி இருமி நின்றுவிட்டது. மினியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்க கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால் மழைத்தண்ணீர் அதன் மேலேயே அடிக்கும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினேன், ஓடியது. அடுத்த நாள், மினி வைத்திருப்பவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வைத்தியத்தைச் செய்தேன். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை டிஸ்ட்ரிபியூட்டர் மேல் மாட்டி, விரல் நுனிகளை வெட்டி, வயர்களை அவற்றின் வழியே வெளியே எடுத்தேன். நான்கு பிளக் வயர், ஒரு காயில் வயர், ஆக ஐந்து விரலும் சரியாகப் பொருந்தின. அதன் பிறகு மழையில் நின்றதே இல்லை.

ஆனால் இந்தச் சுலபத்துக்கு ஈடாக நேரம் கொடுக்க வேண்டும். ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயின்ட்டின் இடைவெளி பார்ப்பது, கார்புரேட்டரைத் திருத்துவது, கிரீஸ் அடிப்பது, பிரேக்கை இறுக்குவது என்று மாதம் ஒரு ஞாயிறு போகும். மினியில் இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில் என்பதால் 5,000 கி.மீ.-க்கு மேல் ஆயில் மாற்றாமல் விடக் கூடாது. புது கார் 10,000 கி.மீ. வரை ஒன்றும் கேட்காது.

புது காரில் எனக்குள்ள குறை வேறு. இஞ்சின் விளக்கு எரிகிறது என்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஸ்கேனர் காட்டிய எண்ணைப் பார்த்து ஒரு சென்சாரை மாற்றினார்கள், பிறகு இன்னொன்றை. மூன்றாவது முறை வேறு ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். காற்றுக் குழாயில் விரிசல். ஸ்கேனர் சொன்னது பொய் இல்லை, நோயின் அறிகுறியைத்தான் அது சொன்னது. கேட்டும் முகர்ந்தும் தொட்டும் பார்க்கும் பழக்கத்தைப் பழைய கார் கற்றுத் தருகிறது. அந்தப் பழக்கம் புது காருக்கும் உதவும்.

இன்றைய பெட்ரோல் பழைய காருக்கு ஒத்துவருமா?

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது ஈயம். 1920-கள் முதல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள், அது எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்தையும் தேயாமல் காத்தது. ஈயம் நஞ்சு என்பதால் நாடு நாடாக நீக்கப்பட்டு, 2021-ல் உலகம் முழுக்க முடிவுக்கு வந்தது. மிகச் சரியான முடிவு. பழைய இஞ்சின் ஹெட்டில் கடினமான வால்வு சீட் பதித்துவிட்டால் பிரச்சினை தீரும்.

இரண்டாவது எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை ஊற வைத்து வெடிக்கச் செய்யும், காற்றின் ஈரத்தை இழுத்து டேங்கில் துரு ஏற்றும். பழைய கார் வாங்கினால் முதல் வாரமே எல்லாப் பெட்ரோல் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். தீ விபத்துகளுக்கு வெடித்த குழாய் ஒரு முக்கியக் காரணம்.

உதிரி பாகம் கிடைக்குமா?

எவ்வளவு வண்டிகள் செய்தார்கள் என்பதுதான் பதில். மாடல் டி ஒன்றரைக் கோடி, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இரண்டு கோடிக்கு மேல், மினி 50 லட்சத்துக்கு மேல். இவற்றுக்கு இன்றும் புதிதாகவே பாகங்கள் செய்கிறார்கள். அரிய வண்டியை வாங்கினால் ஒரு கதவுக் கைப்பிடிக்கு வருடக்கணக்கில் காத்திருக்க நேரும்.

இன்றைய சின்ன கார் நாற்பது வருடம் கழித்து விண்டேஜ் ஆகுமா என்பதில்தான் எனக்குக் கவலை. தேய்ந்த இரும்பு பாகத்தை லேத்தில் கடைந்துவிடலாம். செத்துப்போன கணினிப் பெட்டியையும் அதற்குள் இருந்த மென்பொருளையும் எந்த லேத்தில் கடைவது? தயாரிப்பாளர்கள் அந்த விவரங்களை இப்போதே பாதுகாத்து, பின்னால் வெளியிட வேண்டும் என்பது என் விருப்பம்.

மின்சார மோட்டார் போட்டு மாற்றிக்கொள்ளலாமா?

செய்கிறார்கள், நன்றாகவும் ஓடுகிறது. இஞ்சின் ஏற்கெனவே தொலைந்துபோன வண்டி என்றால் செய்யுங்கள். ஓடும் நிலையில் உள்ள பழைய இஞ்சினைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒரே ஒரு கார்தான் வைத்திருக்க முடியும் என்றால்?

புதிய சின்ன கார். யோசிக்கவே வேண்டாம்.

பழைய கார் வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், துருவைப் பாருங்கள். இஞ்சினை எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் சரிசெய்யலாம், கூடு துருப்பிடித்தால் வேலை முடிவே இல்லாமல் போகும். கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், கால் வைக்கும் தளம், ஸ்பேர் டயர் வைக்கும் குழி மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மினி என்றால் பின் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமைப் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, மேலே பூசிய பட்டிதான் இருக்கிறது.

நீங்கள் போகும் முன்பே இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைப் பார்க்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போல ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலக்கிறதா என்று விசாரியுங்கள்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். பிரேக் ஒட்டிக்கொள்ளும், பெட்ரோல் கெட்டுக் கார்புரேட்டரில் பிசினாகப் படியும், டயர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, இஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை, குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது இன்னும் கெடுதல், எக்ஸாஸ்ட் குழாயில் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டேங்கை நிரப்பி, பேட்டரி வயரைக் கழற்றி, டயருக்குக் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக அடித்து, ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். மேலே போர்த்துவது காற்றுப் போகும் துணியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம்.